நோன்புக் கஞ்சிக் கிடாரம்

1979 மாசி 9, வெள்ளி

புயலுக்குப் பிறகு ஊரில் தறிகள் ஓடவில்லை. நெசவாளர் பிள்ளைகளுக்குக் கன்னியாஸ்திரிகள் தேவாலயத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். "சேர்ச் பானையில முன்னம் ஹராமான என்னத்த ஆக்கினாங்களோ?" என்று பள்ளிவாசல் நிர்வாகி மரைக்கார் தடுத்துவிட்டார். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு என் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

இன்று காலை பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்தை வண்டியில் ஏற்றிப்போய்ச் சிஸ்டர்மாரிடம் கொடுத்தேன். மரைக்கார் பின்னாலேயே வந்தார்.

"ஆரைக் கேட்டு எடுத்தீங்க சேர்?"

"ஒங்கட மூத்தவன் பொறக்கக்குள்ள கையில ஏந்தினதும் ஒரு சிஸ்டர்தான், மரைக்கார். அவனைத் திருப்பிக் குடுத்தீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பிள்ளைகள் கிடாரத்தின் அடிவரை வழித்துக் குடித்தார்கள்.

நாளை பள்ளிவாசல் ஜமாஅத்துக் கூட்டத்தில் என்னை விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டும். தறி மறுபடி ஓடும்வரை கிடாரம் அங்கேதான் இருக்கும்.