கவனமா, கையா?

இன்று காலை ஆய்வகத்து ஃபிரிட்ஜைத் திறந்ததும் ஆரஞ்சு ஜூஸ் வாடை முகத்தில் அடித்தது. குரங்குக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கத் தண்ணீர் கலந்து வைப்போமே, அதே வாடை. உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. டெங்குவில் நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் குரங்கு மணியை நாற்காலியில் உட்காரப் பழக்கியது நான். திரையின் நடுப்புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓரத்துக் கட்டத்தை மனதால் மட்டும் கவனிக்க வேண்டும். இடது கட்டம் நிறம் மாறினால் இடது கையால் லீவரை இழுக்க வேண்டும், வலது மாறினால் வலது கை. சரியாக இழுத்தால் ஜூஸ். இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தேன், இரண்டு வருடம்.

பிறகு ஒரு நாள், மூளைக்குள் இறக்கிய மெல்லிய கம்பி வழியாக ஒரு நரம்புச் செல்லின் துடிப்பு ஸ்பீக்கரில் படபடவென்று பொரிந்தது. மணி இடது பக்கத்தைக் கவனித்தபோதெல்லாம் பொரிந்தது. நீ என் தோளைப் பிடித்துக் குதித்தாய். "கவனிக்கிற செல்லுடி இது! மாட்டிக்கிச்சு!"

நான்தான் கெடுத்தேன். "இடது பக்கம் கவனிச்சா இடது கையைத்தானே தூக்குது? இந்த செல்லு கவனிக்குதா, இல்ல கையை முடிவு பண்ணுதா? கையை மாத்திப் பார்க்கலாம்டி."

"திரும்பப் பழக்க ஒரு வருஷம் ஆகும். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றாய், பாதிக் கன்னடத்தில்.

அம்மாவின் ஆபரேஷனுக்காக நான் லீவில் இருந்தபோது இதைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாய். அச்சில் வந்தபோது அதில் என் பெயர் இல்லை. அடுகோடியில் நீ தங்கியிருந்த அறைக்கே வந்து கேட்டேன். தலை வாரிக்கொண்டே சொன்னாய்: "நீதான் ஒத்துக்கலையே. ஒத்துக்காதவ பேரை எப்படிப் போடுறது?"

நீ மேடை மேடையாகப் பேசினாய். நான் மணியை மறுபடி பழக்கினேன்: இடது பக்கம் கவனி, வலது கையால் இழு. பாவம், அது பழைய கையையே தூக்கிவிட்டு, ஜூஸ் வராமல் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும். அறிவியலுக்காகச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உன் மூக்கை உடைக்கத்தான் செய்தேன்.

போன வாரம் முடிவு தெரிந்தது. கையை மாற்றிய பிறகும் இடது கை இழுத்தபோதுதான் அந்தச் செல்கள் பொரிந்தன. மணி எந்தப் பக்கத்தைக் கவனித்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். நீ சொன்னது தவறு. ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா நீ? உன் முகம் மாறுவதைப் பார்க்கத்தானே இவ்வளவும்! மறுபடியும் என்னை ஏமாற்றிவிட்டாய்.

கட்டுரை தயார். உன் பழைய பதிவுகளையும் அதில் சேர்த்திருக்கிறேன். உன் பெயரைப் போடச் சம்மதம் கேட்டு வேலூரில் உன் அண்ணனைப் பார்த்தேன். "அவ மேல உங்களுக்கு இவ்ளோ பாசமா?" என்று அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் பெயர் உன்னுடையது. அதற்குக் கீழேயே, முன்பு சொன்னது தவறு என்று எழுதியிருக்கிறது. இதை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தும் உன் பெயரைப் போட்டுவிட்டேன்.