சீட்டில் எழுதிய வயது

சேசு மரி சூசை துணை

சவேரியார்குடிக்காடு,
உடையார்பாளையம் தாலுகா,
21-11-46

அன்பு மகள் விண்ணரசிக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் என் உடம்புக்குக் குறைவொன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அன்னமும் அந்தக் கோலார் குளிரில் சுகமாக இருக்கும்படி தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை போட்ட கார்டு மட்டும் போன மாதக் கடைசியில் வந்தது. அன்னத்துக்கு அங்கேயே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவனைப் பேசியிருப்பதாகவும், உன் தலைப்பிரசவத்துக்கு நீ வந்திருந்தபோது பிறந்து நம் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையாகையால் கலியாணத்துக்கு வேண்டிய ஞானஸ்நானச் சீட்டு இங்கிருந்துதான் வரவேண்டும் என்றும், வயதை மாமா பார்த்துப் போட்டு அனுப்பவும் என்றும் எழுதியிருந்தார். சீட்டு இந்தக் கவரிலேயே இருக்கிறது. அதை அவர் கையில் கொடுப்பதற்கு முன் நீ இதை முழுக்கப் படித்துவிடு, அவசரப்படாதே.

இங்கே ஐப்பசி மழை பரவாயில்லை, வரகு தலை சாய்த்து நிற்கிறது. ரேஷனில் சோளம்தான் போடுகிறார்கள், ஒருவனுக்கு எவ்வளவு வேண்டும், காலையில் கிண்டினால் இரவுக்கும் ஆகிறது. உன் அம்மா இருந்தால் சோளக் களியைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வேன். ஊரில் இப்போது என்னோடு பேசுகிறவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிறார்கள், அதைப் பேச்சு என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்கப் பேச்சுதான். பூசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு வாரமாகத் தள்ளி உட்காருகிறார்கள். உன் சித்தப்பன் ஆரோக்கியசெல்வம் என்னைக் கண்டால் வேலியைச் சுற்றிக்கொண்டு போகிறான், ஒரே வயிற்றில் பிறந்தவன். காரணத்தை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது, நானே சொல்கிறேன்.

சித்தப்பன் மகள் மரிய புஷ்பத்துக்கு வரதராசன்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து, சீட்டு வேண்டும் என்று தம்பி வந்து நின்றான். வாத்தியார் வேலையோடு கோயில் எழுத்து வேலையும் என்னுடையதுதானே, ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினேன், மரிய புஷ்பம், தகப்பன் பெயர், தாய் பெயர், 1931, எல்லாம் சரியாக இருந்தது, பதினைந்து வயது என்று எழுதிக் கொடுத்தேன், அவனும் ஒரு வார்த்தை பேசாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஓலை வாசிக்க வேண்டும் அல்லவா, இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத் திருச்சியிலிருந்து மாதர் சங்கத்து அம்மாள் ஒருவர் ஜெயங்கொண்டம் வந்து, பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய் சாரதா சட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நம் ஊருக்கும் வந்தார். பதினாலு நிறையாத பெண்ணுக்குக் கலியாணம் செய்தால் பெற்றவருக்குத் தண்டனை உண்டு, முன்கூட்டியே மனுக் கொடுத்தால் கோர்ட்டில் தடுத்து உத்தரவு போடுவார்கள், ஆனால் போலீஸ்காரர் தானாக வரமாட்டார், யாராவது பேர் போட்டு மனுக் கொடுத்தாக வேண்டும், அந்த ஒரு ஆளுதான் சார் எந்த ஊர்லயும் கெடைக்க மாட்டேங்குது என்றார். நான் பெருமையாக, எங்கள் ஊரில் அந்தக் கவலையே இல்லை அம்மா, கோயில் புத்தகம் இருக்கிறது, பொய் வயது நடக்காது என்றேன். சொல்லும்போது என் நாக்குக் கூசவில்லை பார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்களின் பெயரும் வயதும் வேண்டும் என்று அவர் கேட்டதால் பள்ளிக்கூட ரிஜிஸ்தரை எடுத்து எழுத உட்கார்ந்தேன். மரிய புஷ்பம், பிறந்தது 1934 என்று இருந்தது. இதுவும் என் கையெழுத்து, பதினைந்து நாளைக்கு முன் கொடுத்த சீட்டும் என் கையெழுத்து. கோயிலுக்கு ஓடி மறுபடி புத்தகத்தைப் புரட்டினால், மூன்று வருஷம் தள்ளி அதே பெயர், அதே தகப்பன், அதே தாய். முதல் பிள்ளை தவறிப்போனால் அடுத்ததற்கு அதே பெயரை வைக்கிற நம் வழக்கத்தை நானே மறந்திருக்கிறேன். அந்த மூத்த புஷ்பம் எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனது, துக்க மணி அடித்தவனே நான்தான். செத்த குழந்தையின் வயதை எடுத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

முதலில் தம்பியிடம்தான் போனேன். அவனுக்குத் தெரிந்தே இருந்தது. சீட்டு சீட்டுதாண்ணே, நீ வாயத் தொறக்காம இருந்தா போதும், இல்லாட்டி காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக்காரன் எல்லைக்குக் கூட்டிட்டுப் போயி முடிச்சிருவேன், ஒங்க சட்டம் அங்க வராது என்றான். சட்டம் வராதுதான், ஆனால் செல்லுபடியாகும் சீட்டு இல்லாமல் எந்த ஊர்ச் சுவாமியாரும் கலியாணத்தை நடத்திவைக்க மாட்டார். நான் நேரே நம் சுவாமியாரிடம் போய், நான் கொடுத்த சீட்டு தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜெயங்கொண்டம் நடந்துபோய் அந்த அம்மாளின் மனுவிலும் என் பேரைப் போட்டேன். மனு கோர்ட்டுக்குப் போகுமுன்பே ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை, பெண்ணுக்குப் பதினாலு நிறையாததால் கலியாணம் நடக்காது என்று சுவாமியார் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சேலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று புஷ்பம் என்னைப் பார்த்து, எம் பட்டுச்சேல போச்சு பெரியப்பா, ஊதாக் கரை வேணும்னு நாந்தான் கேட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதாள். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நிறுத்திய பள்ளிக்கூடத்துக்கும் திரும்ப அனுப்பவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அனுப்புவார்கள் என்று நம்புகிறேன்.

கோயில் வாசலில் ஊரே நிற்கும்போது தம்பி கேட்டான், எம் மவ வயச இம்புட்டுத் துல்லியமாப் பாக்குறியே, ஒம் மவளுக்கு எழுதுனப்ப இந்தக் கை எங்கண்ணே போச்சு என்று. பதில் அவனுக்குச் சொல்ல வேண்டியது அல்ல, உனக்குச் சொல்ல வேண்டியது. விண்ணரசி, நீ பிறந்தது 1921 ஜனவரி 17. உன் கலியாணத்துக்கு 1933-ல் நான் எழுதிய சீட்டில் 1918 என்று போட்டேன். புஷ்பத்துக்கு நடந்தது கைத்தவறு, உனக்குச் செய்தது தவறு அல்ல, பொய். சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியும். உன் அம்மா படுக்கையில் இருந்தாள், தங்கவயல் மாப்பிள்ளை கைநழுவிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். புறப்படும் அன்று, ஆட்டுக்குட்டியை ரயிலில் ஏற்றுவார்களா அப்பா என்று கேட்டாய், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்னம் பிறக்கும்போது மூன்று நாள் நீ கத்தினதை வாசலில் நின்று கேட்டேன். அதன் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை அம்மா, கவனித்தும் பேசத் துணிவில்லாமல் இருந்தேன்.

அன்னம் பிறந்தது 1935 ஆகஸ்டு 6. சீட்டில் அப்படியே எழுதிச் சுவாமியார் முத்திரையும் வாங்கியிருக்கிறேன், பதினோரு வயதும் மூன்று மாதமும். வேறு சீட்டு இந்தக் கோயிலிலிருந்து வராது. மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், பழியை என் மேல் போட்டுவிடு, கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல், தம்பியே சாட்சி சொல்வான். உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அந்தக் கார்டில் ஓர் எழுத்துகூட உன்னுடையது இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதே. அவளுக்கு நெஞ்சில் சளி கட்டும் உடம்பு, உன்னைப் போல, பனியில் விடாதே. எனக்குக் கடிதம் எழுத மனமில்லாவிட்டால் வெறும் கார்டில் விலாசத்தை மட்டும் உன் கையால் எழுதித் தபாலில் போடு, எனக்கு அது போதும்.

சேசுவும் மாதாவும் சூசையப்பரும் உங்கள் மூவருக்கும் துணையிருந்து காப்பார்களாக. பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. ஞாபகம் வைத்துக்கொள், கவரில் இரண்டு சீட்டு இருக்கின்றன. மேலே இருப்பது அன்னத்துடையது, மாப்பிள்ளையிடம் கொடு. அடியில் இருப்பது உன்னுடையது, 1921 என்று போட்டிருக்கிறேன். இனி அது எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உன்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அடைக்கலசாமி