கிணறும் குடமும்

ராசா, நீ கண்ணை மூடிய பிறகும் வீட்டு விலாசத்துக்கேதான் எழுதுகிறேன். நம் மகள் உன் படத்தின் முன் வாசிப்பாள். நான் நலம்.

இந்தத் தூர ஊரில் நான் கூட்டித் துடைக்கும் ஆலையில் ஹைட்ரஜன் செய்கிறார்கள். ஆபரேட்டர் தம்பியிடம், "இத எந்தக் கிணத்துலேர்ந்துப்பா எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது கிணறு இல்லக்கா, கரண்ட ஊத்தி வைக்கிற குடம். தண்ணியில கரண்ட விட்டுத்தான் பிரிக்கிறோம். குடுத்த கரண்டுல பாதிகூடத் திரும்பாது. ஆனா தூரத்துக்குத் தூக்கிட்டுப் போகலாம்."

"அப்ப நானும் ஹைட்ரஜன்தான்" என்றேன். அவன் இன்னும் சிரித்தான்.

முட்டி வலிக்கிறது, மகளைத் தைலம் அனுப்பச் சொல். மணி அடிக்கிறது, போக வேண்டும். பிள்ளைகள் என் தெம்பில்தான் நிற்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தெம்பை எனக்குள் ஊற்றியது நீ. இனி இந்தக் குடத்தை யார் நிரப்புவார், ராசா?