தொடக்கூடாத விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

மருமகளின் அறைச் சுவரில் ஒரு பெரிய தாள். யார் துணையும் இல்லாமல் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன்! எழுபத்தோரு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டதும் சுவரெல்லாம் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறது.

தாளில் இரண்டு மேசை விளக்குகளின் படம். ஒன்று பசையால் ஒட்டியது, இன்னொன்று ஸ்க்ரூ போட்டது; அது மருமகள் தன் கம்பெனிக்காக வரைந்தது. கட்டம் கட்டமாக மதிப்பெண்: செய்ய எவ்வளவு பொருள், எத்தனை வருஷம் உழைக்கும், கடைசியில் எங்கே போகும். ஒட்டியதற்கும் நல்ல மதிப்பெண்தான். பிளாஸ்டிக் குறைவு.

"அப்புறம் ஏம்மா ஸ்க்ரூ மேல இவ்வளவு ஆசை?"

"ஒட்டினதுல பேட்டரி செத்தா விளக்கே குப்பைக்குப் போகும் மாமா. இதுல பேட்டரியை மட்டும் மாத்தலாம். ஆனா ஜனங்க நிஜமாவே மாத்தணும். மாத்தலைன்னா என்னோடதுதான் பெரிய குப்பை."

மார்ச் 7, வெள்ளி

செவ்வாய்க்கிழமை சோதனை. விளக்கைப் பார்த்தே இராத ஐந்து பேர், வீட்டில் கிடைக்கும் சாமானை வைத்தே அதைத் திறக்க வேண்டும். முடியாவிட்டால் கம்பெனி முதலாளி ஒட்டியதையே லட்சக்கணக்கில் செய்வார். அந்த விளக்கின் வரைபடத்தில் மருமகள் கையெழுத்துப் போட மாட்டாளாம். போடாவிட்டால் வேலை இருக்காது. "பிடிவாதம்" என்றான் மகன்.

ஐந்தில் ஒருவர் வரவில்லையாம். அவருக்குப் பதில் நான்!

மார்ச் 9, ஞாயிறு

எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். சோதனைக்கான விளக்கை மருமகள் வீட்டுக்குக் கொண்டு வந்து துணி போட்டு மூடி வைத்திருந்தாள். துணியை எடுத்தேன். அடியில் எழுதியிருந்தது: 'ஸ்க்ரூவைக் கழற்றி பேட்டரியை மாற்றவும்.' படித்தேன்! ஸ்பூன் நுழையவில்லை. என் நகவெட்டியில் மடிந்திருக்கும் சின்ன அரம் கச்சிதமாக உட்கார்ந்தது. திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். என்னால் அவள் தலை குனியக்கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

கம்பெனியில் முதல் ஆளாக என்னை உட்கார வைத்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கழற்றிவிட்டேன்.

"பெரியவரே, பழகின கை மாதிரி இருக்கே!" என்றார் முதலாளி.

"பின்னே? ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுல பழகினேனே!"

மருமகள் முகத்தில் ரத்தமே இல்லை. "வீட்டு ஆளை வெச்சு நாடகமா? இந்தச் சோதனை செல்லாது" என்றார் அவர். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? நல்லது பண்றோம்னுதானே — வெள்ளிக்கிழமை நானே எழுதியிருக்கிறேன்: 'பார்த்தே இராத.' எழுதத் தெரிந்தது. புரிந்துகொள்ளத் தெரியவில்லையே.

மார்ச் 12, புதன்

இன்று அவள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. விளக்கு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சாவி அவளிடம்.

மார்ச் 14, வெள்ளி

மருமகள் மகனிடம் சொன்னது என் அறை வரை கேட்டது. இன்னொரு தடவை சோதிக்கும்படி கெஞ்சினாளாம். முதலாளி தன் மனைவியையே கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார். அந்த அம்மா ஸ்பூன், கத்தி எல்லாம் வைத்துப் பார்த்தும் முடியவில்லை.

"முடிஞ்சது கதை" என்று சிரித்தாராம்.

"சிரிக்காதீங்க. அந்த இன்னொண்ணைக் குடுங்க, திறக்கறேன்" என்றாராம் அந்த அம்மா.

"அது ஒட்டியாச்சு. யாராலயும் திறக்க முடியாது."

"அப்போ எல்லாருமே தோக்கற விளக்கைத்தான் செய்யப் போறீங்களா?"

கடைசியில் முதலாளி விளக்கைத் திருத்த ஒன்றரை மாசம் தவணை கொடுத்திருக்கிறார்.

பிறகு என் வாசலில் வந்து நின்றாள். "அன்னைக்கு எதை வெச்சுத் திறந்தீங்க மாமா?"

மாமா!

நகவெட்டியைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊர்ல எல்லாரும் இதோட சுத்துவாங்களா?" சிரித்தாளா, அழுதாளா — எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஸ்க்ரூவின் பள்ளத்தை அகலமாக்கிய புது விளக்கு வந்திருக்கிறது. நாளைக்கு வேறு ஐந்து பேர். அதை என் எதிரில் மேசைமேல் வைத்தாள். துணியில்லை, பூட்டில்லை. குளிக்கப் போய்விட்டாள்.

கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். போதவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பேனா பிடித்த கை வேறெதையும் பிடிக்காது.

ஏப்ரல் 23, புதன்

மத்தியானம் போன் வந்தது. "அஞ்சு பேரும் ஸ்பூன்லயே திறந்துட்டாங்க மாமா! முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு."

"நீ?"

"நானும்தான். அலமாரியில பழசு இருக்கு, சாவி கதவுலயே இருக்கு. இனிமே ஆசை தீரத் திறந்து மூடுங்க."

நகவெட்டியை எங்கே வைத்தேன்?