கை கழுவாத பதினேழு நாள்

மார்ச் 3, திங்கள்

இன்று நாற்பத்து மூன்று ரோஜா. சர்க்கரை மாவை இதழ் இதழாக உருட்டி, விரல் நுனியால் ஓரத்தை மெல்லிசாக்கி, ஒட்டி. மூன்றடுக்குக் கல்யாண கேக். மணப்பெண்ணின் அம்மா வந்து "நிஜப் பூவா இது?" என்று மோந்து பார்த்தார். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை. அந்த மூக்கோடேயே கிளம்பிப் போனார்.

மற்றபடி, தண்ணீர் ஐந்து பாட்டில். பாத்ரூம் எட்டுத் தடவை. "அங்கயே ஒரு நாற்காலி போட்டுத் தரட்டுமா?" என்றார் முதலாளி. பேச்சைக்கூட நிறுத்துப் பேசுகிறவர் என்பதால் பேக்கரியில் அவருக்குப் பெயர் தராசு.

தாகம். அடிக்கடி போவது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இதே நாற்பத்தேழு வயதில்.

மார்ச் 4, செவ்வாய்

அத்தையின் பழைய சர்க்கரை பார்க்கும் மெஷின் அலமாரியில் சும்மா கிடக்கிறது. (அத்தை, அதாவது என் மாமியார், ஜனவரியிலிருந்து எங்களோடு இருக்கிறார். சர்க்கரை பத்தொன்பது வருஷமாக அவரோடு இருக்கிறது.) அவர் மகன் புதிது வாங்கிக் கொடுத்ததிலிருந்து பழையதை யாரும் தொடுவதில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மருந்துக்கடையில் ஸ்ட்ரிப் கேட்டபோது "யாருக்கு?" என்றார்கள். "மாமியாருக்கு" என்றேன். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் மாமியார் எனக்கு உபயோகப்பட்டது இதுதான் முதல் தடவை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஸ்டோர் ரூமில் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து, விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக் குத்தினேன்.

284.

சாப்பிடாமலே இதுவா?

மார்ச் 5, புதன்

271.

மார்ச் 6, வியாழன்

290. காபியில் சர்க்கரை போடவில்லை. காபியும் நன்றாக இல்லை, நம்பரும் நன்றாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

லீவு. குளித்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். 101. நம்பாமல் இன்னொரு விரல். 103. கட்டிலில் மல்லாந்து படுத்துச் சிரித்தேன். வெளியிலிருந்து மனைவியின் குரல்: "தனியா என்னங்க சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போமில்ல." சொல்லவில்லை. சொன்னால் கவலை முழுவதையும் அவள் வாங்கிக்கொள்வாள். எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

மார்ச் 10, திங்கள்

296. போச்சு.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிகிறது. வீட்டில் நூறு, வேலையில் முந்நூறு. தராசின் முகத்தைப் பார்த்தால் ஏறுகிறது. இதற்கு மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார்களா?

மார்ச் 12, புதன்

இன்றைக்குப் பார்த்துத்தானா இது நடக்க வேண்டும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே புதுக் கடை திறக்கிறாராம். தராசு என்னை உட்காரச் சொன்னார். பதினாலு வருஷத்தில் உட்காரச் சொன்னதே கிடையாது. "பூ மேஜை முழுக்க உன் பொறுப்பு. மாவு பிசையறதுலேர்ந்து ருசி பாக்கற வரைக்கும். வெள்ளிக்கிழமை, இருபத்தோராந் தேதி, பதில் சொல்லு."

எனக்குத் தனி மேஜை. எத்தனை வருஷமாக மனசுக்குள் அந்த மேஜையைப் போட்டு, துடைத்து, விளக்கெல்லாம் மாட்டி வைத்திருக்கிறேன். ஆனால் ருசி பார்க்கணும். தினமும். ஒவ்வொரு கலவையும். முந்நூறு இருக்கிறவன் எப்படிப் பார்ப்பான்? அப்பாவுக்கு முதலில் ஒரு கால்விரல் போச்சு, அப்புறம் பார்வை. கடைசி வருஷங்களில் நான் செய்த பூவைத் தடவித்தான் பார்த்தார். எனக்கு பயமா இருக்கு. எழுதும்போதே பயமா இருக்கு.

டாக்டரிடம் போகலாம்தான். போனால் நிஜமாகிவிடும். போகாதவரை வெறும் நம்பர்.

மார்ச் 16, ஞாயிறு

98. தராசு இல்லாத நாள். சொன்னேனே.

மார்ச் 18, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு ஸ்ட்ரிப். துவைக்க எடுத்தது அத்தை. மனைவி கடைக்குப் போகும்வரை காத்திருந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மாப்பிள்ள, இது என்னோடது இல்ல."

இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான்: "சாப்டீங்களா மாப்பிள்ள?" "ஆச்சு அத்தை." இன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரயில் நிலையம், மேஜை, அப்பா, முந்நூறு. அத்தை முகத்தில் கவலைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். இந்த வீட்டில் அவருக்குக் கூட்டாளி இல்லை, பாவம்.

"அவகிட்ட நான் சொல்லமாட்டேன். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு எந்திரிங்க. நடக்கணும்."

மார்ச் 19, புதன்

நடந்தோம். அத்தை முன்னால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். அத்தை தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். வழியெல்லாம் அந்தக் காலத்துச் சண்டை, சமாதானம், ஒட்டுக்கேட்டதும் ஒட்டுக்கேட்காததும். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கச் சிரிக்க எனக்கு விலா வலித்தது. இந்த மனுஷியிடமா இத்தனை நாள் "ஆச்சு அத்தை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்?

திரும்பும்போது சொன்னார்: "பயப்படாதீங்க. சர்க்கரையும் நானும் ஒரே வீட்டுல குடியிருக்கோம். அப்பப்ப சண்டை வரும். யாரும் காலி பண்ணல."

நடை நல்லது. ஆனாலும் முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தராசிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். பில் போடும் இடத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

மார்ச் 20, வியாழன்

எழுத்தெல்லாம் கோணல். சிரித்த சிரிப்பில்.

சாயங்காலம் அத்தை என் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டி, பழைய வேலைப் பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் படித்தார். "ரெண்டு, எட்டு, நாலு. ரெண்டு, ஏழு, ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, சைபர், ஒண்ணு." நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"குத்தறதுக்கு முன்னாடி கைய கழுவுவீங்களா?"

"துடைப்பேன்."

"எதுல?"

"ஏப்ரன்ல."

"அந்த ஏப்ரன்ல என்ன இருக்கும்?"

என்ன இருக்கும். சர்க்கரை இருக்கும். என் விரலில் என்ன இருக்கும், ஏப்ரனில் என்ன இருக்கும், பதினாலு வருஷமாக என் காதுமடலில் என்ன இருக்கும்.

அத்தை விடவில்லை. ஃப்ரிட்ஜில் நான் வைத்திருக்கும் சர்க்கரை மாவை எடுத்துக் கொடுத்து ஒரு பூ செய்யச் சொன்னார். செய்தேன். விரலைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்தினேன். "மூணு, சைபர், ரெண்டு" என்றார். சோப்புப் போட்டுக் கழுவி, துவாலையில் ஈரம் போக ஒற்றி, அதே கையில் பக்கத்து விரல்.

"ஒண்ணு, சைபர், ஆறு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் அத்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மனைவி ஓடி வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. "பதினேழு நாளா மறைச்சிருக்கீங்க" என்று கண் கலங்கினாள். பிறகு மேஜைமேல் இருந்த பூவை எடுத்து, நேராக என்னைப் பார்த்தபடி, கடித்துத் தின்றுவிட்டாள்.

கையைக் கழுவாமல் வேலையைக் கைகழுவப் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

வெறும் வயிற்றோடு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் அத்தை. ரத்தம் எடுத்த பெண் "கை சுத்தமா இருக்கே" என்றார், இரண்டு பேரும் தேய்த்த தேய்ப்பு அப்படி. அங்கிருந்து பேக்கரி. ரிசல்ட் வரும் முன்பே தராசிடம் சரி என்று சொல்லிவிட்டேன். எது வந்தாலும் சேர்ந்து குடியிருந்துகொள்ளலாம்.

மார்ச் 22, சனி

இல்லை. எனக்கு இல்லை. மூன்று மாத சராசரிகூட 5.5, சரியான அளவுதான். "அடுப்புப் பக்கத்துல நிக்கறவருக்குத் தாகம் எடுக்காம என்ன பண்ணும்? அஞ்சு பாட்டில் குடிச்சா எட்டுத் தடவை போகத்தான் செய்வீங்க" என்றார் டாக்டர். அப்பாவுக்கு இருந்ததால் வருஷம் ஒரு தடவை பார்க்கச் சொன்னார்.

வீட்டில் ஒரே அமர்க்களம். அத்தை என் தலையில் கை வைத்து "நல்லா இருங்க மாப்பிள்ள" என்றார். பிறகு பழைய மெஷினைத் துடைத்து உறையில் போட்டு, அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். கொஞ்சம் மெதுவாகச் சாத்தின மாதிரி இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

ஆறு மணிக்கு விழிப்பு. யாரும் எழுப்பவில்லை. அத்தையின் செருப்பு வாசலில் இல்லை.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். "உங்களுக்கு எதுக்கு இனிமே?" என்றார், திரும்பிப் பார்க்காமல். "நேத்து அந்த டிரங்க் கால் கதைய பாதியில விட்டுட்டீங்க அத்தை" என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

புதுக் கடை, முதல் நாள். மேஜையில் விளக்கு நான் நினைத்த இடத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே, தராசிடம் கேட்டு வாங்கிய கை கழுவும் தொட்டி.

காலை நடைக்கு முன்: ஒன்று, இரண்டு, ஒன்று. அத்தையுடையது. இப்போதெல்லாம் அவருக்கு நான்தான் குத்திவிடுகிறேன். என் கை பூ செய்கிற கை, வலிக்கவில்லை என்கிறார்.