ஞாயிற்றுக்கிழமைகளில் விசாரிக்க வந்தவர்

போன வாரம் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ள சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு மருந்து விட வேண்டிய நர்ஸ் குழாயடியில் கை கழுவினாள். கார்பாலிக் சோப்பின் வாடை வந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் பையிலிருந்து அந்தச் சிவப்புச் சோப்பை எடுத்து, தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். பஸ் புழுதி என்பீர்கள். அன்று முழுவதும் உங்கள் நினைவாகவே இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

உங்கள் தங்கை மகள் எழுதித்தான் நீங்கள் இறந்துபோனது எனக்குத் தெரிந்தது. அதற்கு நான்கு வருஷம் முன்பே என் மனைவி கனகா போய்விட்டாள். உங்கள் இருவரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இந்தப் பக்கம் நிற்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்பதே எல்லோருக்கும் பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் பேச்சே இல்லை. கனகாவுக்குப் பிறந்த பெண் குழந்தை பதினொரு நாள் இருந்து போய்விட்டது. அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. தட்டில் போட்டால் இரண்டு வாய் சாப்பிடுவாள். விடிகிற நேரத்தில் எழுந்து ஓடைப் பக்கம் நடந்துவிடுவாள். ஓடைக்கு முன்னால் எங்கள் கிணறு. மூன்று முறை ஓடிப்போய்ப் பிடித்து வந்தேன். நான்காம் நாளிலிருந்து நானும் என் அப்பா நைனாவும் அறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டோம். அப்படி நான்கு மாதம் போயிற்று.

சித்தூரில் டாக்டரிடம் காட்டினேன். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். “உடம்பில் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்க்க ஆள் வேண்டும். அப்படி ஒரு உத்தியோகம் இங்கே கிடையாது” என்றார். பிளாக் ஆபீசில் ஒரு பெண் கிராமம் கிராமமாகப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். அந்தப் பெண் பாவம், அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கக் கற்றுக்கொடுப்பவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அழுதாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

“திருமலைக்குக் கூட்டிக்கினு போய் மொட்டை போடு. எல்லாம் சரியாப் பூடும்” என்றார் நைனா. கூட்டிப் போனேன். மலையடிவாரத்தில், அலிபிரியில் முதல் படிக்கட்டிலேயே கனகா உட்கார்ந்துவிட்டாள். இழுத்தேன், கெஞ்சினேன், எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மலையிறங்கி வந்த ஒரு வயதான அம்மாள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை செய்கிறவராம். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

“எங்க ஆஸ்பத்திரில ஒரு அம்மா கீறாங்க. ஊசி போட மாட்டாங்க, மாத்திரை குடுக்க மாட்டாங்க. ஊடு ஊடாப் போய்க்கினு, குந்தி விசாரிப்பாங்க. அதான் அவங்க வேலை” என்றார்.

“விசாரிச்சா சரியாப் பூடுமா?”

“எனுக்கு இன்னா தெரியும்? விசாரிச்ச ஊட்டுக்காரங்க திரும்பி வந்து அவங்களத்தான் தேடுறாங்க.”

மறுநாளே உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மாடிப்படிக்கு அடியில் உங்களுக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஊர்ப் பெயரைக் கேட்டீர்கள். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எல்லை தாண்டி வீடுகளுக்குப் போக உங்களுக்கு அனுமதி இல்லை. கனகாவை அங்கே கூட்டிவரச் சொன்னீர்கள். அலிபிரிப் படியில் நடந்ததைச் சொன்னேன்.

“ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. லீவுல நான் எங்க போறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உங்க ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?” என்றீர்கள்.

முதல் ஞாயிறு நீங்கள் செய்தது எனக்குப் பெரிய ஏமாற்றம். தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னீர்கள். உள்ளே போய்ச் சுவரோரம் கனகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து என்னிடம் வீட்டு விவரங்களைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். அந்த நோட்டுதான் வம்பாயிற்று. அரை மணியில் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு முனுசாமி முன்னால் வந்தார்.

“யாரும்மா நீ? எந்தப் பக்கத்துக்கு எழுதிக்கினு போற? எங்க ஊர ஆந்திராவுலயே தள்ளிவுடவா?”

“ஊரை எழுத வரலைங்க. இந்த வீட்டு அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அதை எழுதுறேன்.”

“தூக்கம் வரலன்னா அதுக்கு இன்னாத்துக்கு நோட்டு?”

நீங்கள் யோசித்தீர்கள். பிறகு நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள். “நீங்க சொல்றதும் சரிதான். வச்சுக்கோங்க” என்றீர்கள். முனுசாமிக்கு எழுத்து வாசனை கிடையாது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உங்களுக்கு மோர் கொண்டுவரச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு நீங்கள் நோட்டு எடுத்து வந்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு நான் கதவருகே நின்றிருந்தேன். நீங்கள் கனகாவைப் பார்க்காமல், அவள் கையில் இருந்த துணியைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

“குழந்தைக்குப் பேர் வச்சிருந்தீங்களா?”

அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நைனா சொல்லியிருந்தார். பெயர் வைக்கிற நாளுக்கு முன்பே போய்விட்ட குழந்தை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வேதவல்லி” என்றாள் கனகா.

நான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் வார்த்தை. அவள் பிறந்த ஊர் நாகலாபுரம். அந்த ஊர்க் கோயில் தாயாரின் பெயர் அது. அந்தப் பதினொரு நாளும் யாருக்கும் கேட்காமல் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். பெற்ற தகப்பனான எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

“வேதவல்லி” என்று நீங்களும் ஒருமுறை சொன்னீர்கள். “காலையில எழுந்து எங்க போவீங்க, கனகா?”

“ஓடக்கரைக்கு. புள்ளய எங்க வச்சாங்கன்னு பாக்கப் போவேன். யாருமே காட்ட மாட்டேன்றாங்க.”

கிணற்றுக்கு இல்லை. ஒருநாளும் அவள் கிணற்றுக்குப் போகவில்லை. தேடப் போனவளை நான் பிடித்து வந்து அடைத்து வைத்திருக்கிறேன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“உங்களுக்கு இடம் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“அப்ப நீங்களே கூட்டிப் போய்க் காட்டுங்க. நான் வர வேண்டாம்.”

இரண்டு நாள் கழித்துக் கூட்டிப் போனேன். ஓடைக்கரையில் ஒரு நுணா மரம். அதற்குக் கிழக்கே நாலு அடி தள்ளி நின்று, இங்கேதான் என்றேன். கனகா உட்கார்ந்தாள். மண்ணைத் தடவினாள். பிறகு அழுதாள். குழந்தை போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. திரும்பும்போது, “எனுக்குப் பசிக்குது. துன்ன எதுனா இருக்குமா?” என்று கேட்டாள். அன்றோடு தாழ்ப்பாள் போடுவது நின்றது.

இன்னும் ஆறு ஞாயிறு வந்தீர்கள். அவள் ஒரேயடியாக மாறிவிடவில்லை. சில நாள் பேசுவாள், சில நாள் சுவரைப் பார்த்திருப்பாள். அதுவும் போகப் போகக் குறைந்தது. பிறகு உங்களை மெட்ராசுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லை முடிவான வருஷம் உங்களிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ‘உங்கள் ஊர் எந்தப் பக்கம்? கனகா எப்படி இருக்கிறாள்?’ என்று இரண்டே கேள்வி. ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம், கனகாவுக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான் என்று பதில் போட்டேன். பின்னால் இன்னொரு பெண்ணும் பிறந்தாள்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இடம் தெரியாது. அன்று குழந்தையை நைனாவின் கையில் கொடுத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். பார்க்கத் தைரியம் இல்லை. நீங்கள் கேட்டபோது, எதிரில் கனகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. நீங்கள் பஸ் ஏறியதும் நைனாவிடம் ஓடினேன்.

“ஓடக்கரையில எங்கியோ வச்சேன்டா. நடுவுல ரெண்டு மழ வெள்ளம் பூட்ச்சி. எனுக்கே இப்ப அடையாளம் தெரியல” என்றார்.

நுணா மரத்தை நானாகத்தான் தேர்ந்தேன். நிழல் இருந்தது, அவ்வளவுதான் காரணம். கனகா உயிரோடு இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய் விளக்கு வைத்தாள். நானும் கூடவே போனேன். அவள் போன பிறகும் போகிறேன்.

உங்களுக்கு எதையும் இரண்டு முறை கேட்கிற வழக்கம். தூங்கினாளா என்று வந்ததும் கேட்பீர்கள், புறப்படும்போதும் கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு வந்தபோது, காட்டினீர்களா என்று கேட்டீர்கள். காட்டினேன் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். இடம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.