பின்கதவுக்கு அவகாசம் இல்லை

2003 மே 27, செவ்வாய். அப்புத்தளை.

பக்கத்து வீட்டு இரகுநாதன் வீட்டில் நேற்றுப் பட்டப்பகலில் திருட்டு. அவருக்குத் தபால் கந்தோரில் வேலை, மனைவிக்கு ஆஸ்பத்திரியில். வந்தவன் டீவியைத் தூக்கிப் போய்விட்டான். போகும்போது அடுப்பிலிருந்த கறியையும் வழித்துச் சாப்பிட்டிருக்கிறான். இரகுநாதனுக்கு டீவியைவிட அந்தக் கறிதான் ஆத்திரம்.

நானும் என் மனைவியும் ஆசிரியர்கள். காலையில் பூட்டிவிட்டுப் போனால் பள்ளிக்கூடம் விட்டுத்தான் வீடு. லெட்சுமி ஒரே பிடியாக நிற்கிறாள்: "ஏதாவது செய்ங்க. அடுத்தது நம்ம வீடுதான்."

மே 31, சனி

பதுளைக்குப் போனேன். நாய் வளர்க்கலாம் என்ற யோசனையை ரயிலிலேயே கைவிட்டேன். நாய்க்கும் எனக்கும் எப்போதுமே ஆகாது. பஸாரில் வாஹித்தின் மின்சாரச் சாமான் கடையில் இரண்டு வகை அலாரம் இருந்தது. ஒன்று, அறைக்குள் எது அசைந்தாலும் கத்துவது. மற்றது, கதவில் ஒரு காந்தத் துண்டு, நிலையில் ஒரு துண்டு. கதவு திறந்து இரண்டும் விலகினால் கத்துவது. முதலாவது பூனைக்கும் கத்தும் என்றார். இரண்டாவதை எடுத்தேன். ஆள் பிடிக்கத் தேவையில்லை, நானே வீட்டில் பொருத்திக்கொள்ளலாமாம்.

"ஒரு கதவுக்கு மட்டும் கொஞ்சம் டைம் குடுக்கலாம் சேர். தொறந்து வந்து நம்பர அமத்துற வரைக்கும் கத்தாது. மத்தக் கதவெல்லாம் தொறந்த ஒடனே கத்தும். வூட்டாக்கள் வார கதவு எது?"

முன்கதவு என்றேன். யோசிக்கவே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

நாள் முழுக்க இதே வேலை. பழைய நிலை, இரும்பு மாதிரி மரம். ஆணி வளைந்ததே தவிர இறங்கவில்லை. ஒருவழியாகப் பெட்டி, சைரன், இரண்டு கதவுக்கும் காந்தம், எல்லாம் பூட்டியாயிற்று. ஓட்டிப் பார்த்தோம். அப்புத்தளை முழுக்கக் கேட்டிருக்கும். லெட்சுமி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் பெருமைதான்.

பின்கதவுத் துண்டை முறுக்கும்போதுதான் மாரியாயி அக்கா ஞாபகம் வந்தது. என் கூடப்பிறந்தவள், என்னைப் படிக்க வைத்தவள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். போன வருடம் லெட்சுமி படுக்கையில் கிடந்தபோது வந்து சமைத்துப் போட்டாள். அன்றிலிருந்து பின்கதவுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. வேலை இல்லாத நாட்களில், நாங்கள் இல்லாவிட்டாலும், வந்து கீரையோ கிழங்கோ வைத்து, வீட்டைக் கூட்டிவிட்டுப் போவாள். முன்வாசல் பக்கம் மட்டும் வரமாட்டாள். தோட்டத்தில் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் ஆட்கள், உத்தியோகத்தர்களின் ஸ்டாப் வீட்டுக்கு முன்வாசலால் போவதில்லை. பின்னால் குசினிப் பக்கம் வந்து இருமிவிட்டு நிற்பார்கள். வாத்தியார் வீடும் அவளுக்கு ஸ்டாப் வீடுதான். "முன்பக்கமா வாக்கா" என்று எப்போதோ சொன்னேன். "போடா, எனக்கு இதுதான் லேசு" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு நம்பரைச் சொல்லவேண்டும், அவகாசத்தை அந்தக் கதவுக்கு மாற்றவேண்டும் என்றேன். லெட்சுமி தோட்டத்துக் கிளாக்கர் மகள். "நம்பரு லயத்துக்குப் போனா, காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்களத்துல கூவின மாதிரிதான்" என்றாள்.

நானும் சிரித்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது. சாவியைத் திருப்பிக் கேட்கவும் வாய் வராது. அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 7, சனி

அலாரத்தைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன், லெட்சுமி உள்ளே இருப்பதை மறந்து. அவள் குப்பை கொட்டப் பின்கதவைத் திறக்க, தெருவே ஓடி வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இரகுநாதன் போன் பண்ணினார்; இன்றைக்கு அவர் லீவில் வீட்டில் இருந்திருக்கிறார். "மாஸ்டர், உங்கட வீட்டில அலாரம் அடிச்சது. ஒரு மனுசி பின்கதவால உள்ளுட்டிருக்கிறா. பிடிச்சு வச்சிருக்கிறம், கெதியா வாங்கோ." உப அதிபர் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்தார்.

குசினி வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மழையில் வேலை நின்றதால் வந்திருக்கிறாள். சுற்றி ஏழெட்டுப் பேர். இரகுநாதன் அவள் கையைப் பிடித்திருந்தார். கையில் சாவி. எங்கே திருடிய சாவி என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஓடவில்லையாம். எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து அப்படியே நின்றாளாம்.

"ஆரிந்த மனுசி மாஸ்டர்? தெரிஞ்ச ஆளோ?"

உப அதிபர் பக்கத்தில் நிற்கிறார். அக்கா தலையில் இன்னும் மழைக்குப் போர்த்திய சாக்கு. நான் என்ன சொன்னேன்? நான்தான் சொன்னேன், வேறு யாரும் என் வாயில் வந்து பேசவில்லை:

"தெரியும். தோட்டத்துல இருந்து வீட்டு வேலைக்கு வந்து போறவங்க. அலாரத்தைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, "ஆமாங்க சேர். தெரியாம தொறந்துட்டேன், என் தப்புதாங்க" என்றாள்.

சேர்! என்னைத் தூக்கி வளர்த்தவள்.

சாவியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு மழையிலேயே போனாள். நான் கூப்பிடவில்லை. உப அதிபருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். மானங்கெட்டவன்.

ஜூன் 18

லெட்சுமியும் அழுகிறாள். அவள் அழுது என்ன? சொன்னது நான்.

ஜூன் 22, ஞாயிறு

தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் என்னைக் கண்டதும் அக்கா அவசரமாக ஈரக் கையைத் துடைத்தாள்.

"வாங்க. உக்காருங்க."

நான் எங்கே நிற்கிறேன் என்றே ஒரு கணம் புரியவில்லை. அவள் வாயில் எனக்கு எப்போதும் 'டா'தான். அடுத்த வீட்டுக் காம்பராவில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள். அழுதுவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான்..." முடிக்க விடவில்லை.

"அதெல்லாம் எதுக்குங்க. நாலு பேரு முன்னால ஒங்க மருவாதிக்கு ஒரு கொறை வந்துறக் கூடாதுல்ல. நாந்தான் யோசிக்காம வந்துட்டேன்."

குத்திக் காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மனதாரச் சொன்னாள்.

ஜூலை 5, சனி

இரகுநாதனிடம் சொல்லிவிட்டேன். அது என் கூடப்பிறந்த அக்கா என்று. மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாஸ்டர். நான் அவவின்ர கையையெல்லோ பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." திங்களன்று உப அதிபரிடமும் சொல்லவேண்டும்.

மாலையில் பெட்டியைக் கழற்றி இணைப்பை மாற்றினேன். இப்போது பின்கதவுக்குத்தான் அவகாசம். முன்கதவு திறந்தவுடன் கத்தும். லெட்சுமி டோர்ச் பிடித்தாள். இனி நாங்களும் குசினி வழியாகத்தான் போய் வரவேண்டும். அக்காவை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 8

நேற்று உப அதிபரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். இதற்குப் பயந்தா?

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் வாசல் மணி அடித்தது. திறந்தால் அக்கா. முன்வாசலில். நல்ல சேலை கட்டியிருந்தாள். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டிருந்தாள்.

முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். லெட்சுமி தேத்தண்ணீர் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கினாள். உடம்பு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரித்தாள். குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் சாவியை எடுத்து நீட்டினேன். நம்பரைச் சொன்னேன். இப்போது அந்தக் கதவு கத்தாது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"அது எதுக்குங்க எனக்கு. நீங்க வீட்டுல இருக்கப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். வாசல் வரை போனோம். இரகுநாதன் தன் வீட்டிலிருந்து கும்பிட்டார்; அக்காவும் கும்பிட்டாள்.

உள்ளே வந்தபோது மேசையில் அவள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் பக்கெட். கடைப் பேப்பரில் சுற்றி, நூல் கட்டியிருக்கிறது. பிறத்தியார் வீட்டுக்குப் போகும்போதுதான் அக்கா பிஸ்கட் வாங்குவாள்.